பாஸ்தா சாலட்டில் இட்லிப்பொடி வாசனை வந்தது ஏன்?

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அக்கா மகளுக்குப் பிறந்தநாள் வருகிறது, 25 பேர் வருவார்கள், கேக், சமோசாவோடு ஏதாவது குளுகுளுவென்று வைக்கலாம் என்று இணையத்தில் தேடி, 'ஆசிய ருசி பாஸ்தா சாலட்' ஒன்றை ஒத்திகையாகச் செய்து பார்த்தாராம். சோயா சாஸ், நல்லெண்ணெய், வினிகர், பூண்டு, காய் எல்லாம் சொன்ன அளவுக்கே போட்டும் முதல் வாயில் இட்லிப்பொடி ஞாபகம்தான் வந்ததாம். ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால் பாஸ்தா விறைத்துக் கிடந்தது, ஊற்றிய சாஸ் எங்கே போனது என்றே தெரியவில்லை. "அக்கா, எங்கே தப்பு பண்ணினேன்? கடலூரில் கிடைக்கிற சாமானை வைத்து இதை ஒழுங்காகச் செய்ய முடியுமா?" என்கிறார்.

முடியும் தம்பி. இதற்காகப் பாண்டிக்கு பஸ் ஏறக்கூட வேண்டாம், ஒரே ஒரு பாட்டிலைத் தவிர. அதற்கும் வீட்டிலேயே மாற்று இருக்கிறது. நான் பாண்டியில் ஒரு கஃபே சமையலறையில் ஏழு வருஷம் சாலட், சாண்ட்விச் பக்கம் நின்றவள். நீங்கள் செய்த இரண்டு தப்பையும் நானும் செய்து திட்டு வாங்கியிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், டீயை வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் எண்ணெய். குறிப்பில் 'சீசேம் ஆயில்' என்று இருந்திருக்கும், நீங்கள் நல்லெண்ணெய் என்று எடுத்துக்கொண்டீர்கள். அகராதிப்படி சரிதான், அடுப்படியில் இரண்டும் வேறு வேறு சரக்கு. நம்ம நல்லெண்ணெய் வறுக்காத எள்ளைக் கருப்பட்டி சேர்த்துச் செக்கில் ஆட்டி எடுப்பது. பொடி, ஊறுகாய், புளிக்குழம்பு, தீபாவளிக் குளியல் என்று அந்த வாசனை நமக்கு எதனோடெல்லாமோ ஒட்டிக்கொண்டது, மூக்கில் பட்டதும் மனசு இட்லித் தட்டுக்குத்தான் போகும். சீனா, ஜப்பான், கொரியா பக்கம் சாலட்டில் விடுவது எள்ளை நன்றாகச் சிவக்க வறுத்து, அதற்கப்புறம் பிழிந்த எண்ணெய். டீ டிகாக்ஷன் மாதிரி பழுப்பாக இருக்கும், மூடியைத் திறந்தாலே எள்ளுருண்டை பிடிக்கிற நேரத்து வாசனை வரும். அதை அவர்கள் பெரும்பாலும் கடைசியில், வாசனைக்காக மட்டும், ஒரு ஸ்பூன் இரண்டு ஸ்பூன் என்று விடுவார்கள், நாம் பருப்பில் நெய் விடுகிற மாதிரி. நீங்கள் அந்த இடத்தில் மூன்று மேசைக்கரண்டி செக்கு நல்லெண்ணெயை ஊற்றியிருக்கிறீர்கள், அப்புறம் இட்லிப்பொடி வராமல் என்ன வரும்?

பாட்டிலாக வாங்குவதென்றால் லேபிளில் 'டோஸ்டட்' அல்லது 'ரோஸ்டட்' என்று இருக்கிறதா பாருங்கள். பாண்டியில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும், விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் ஒரு சின்ன பாட்டில் மாதக்கணக்கில் வரும். வாங்க மனசில்லையென்றால் இப்படிச் செய்யுங்கள். நாலு மேசைக்கரண்டி வெள்ளை எள்ளை அடி கனத்த வாணலியில் எண்ணெய் இல்லாமல், சின்னத் தீயில், கையை எடுக்காமல் கிளறி வறுங்கள். முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். நாலைந்து நிமிஷத்தில் எள் படபடவென்று துள்ள ஆரம்பிக்கும், நிறம் வெளிர் பழுப்புக்கு மாறும். இன்னும் அரை நிமிஷம், அவ்வளவுதான். உடனே தட்டில் கொட்டிவிடுங்கள், வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே கருகிக் கசந்துபோகும். ஆறியதும் சின்ன உரலில் ஒன்றிரண்டாக இடித்து, அரை டம்ளர் சூரியகாந்தி எண்ணெயை லேசாகச் சூடாக்கி அதன்மேல் ஊற்றி மூடிவைத்து, மறுநாள் வடிகட்டிக்கொள்ளுங்கள். அசலின் ஆழம் வராது, ஆனால் முக்கால்வாசி தூரம் கூட்டிக்கொண்டு போய்விடும். வடிகட்டிய எள் விழுதை எறிந்துவிடாதீர்கள், டிரெஸ்ஸிங்கிலேயே, அதாவது சாலட்டில் கலக்கிற சாஸிலேயே, சேர்த்துவிடலாம். நல்லெண்ணெயிலேயே ஊறவைத்தால் என்ன என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தேன், செக்கு வாசனை அடங்க மறுக்கிறது.

இன்னொரு விஷயம், வெளிநாட்டுக் குறிப்புகளில் 'ஆசிய' என்று எழுதினால் சீனா, ஜப்பான், தாய்லாந்து, வியட்நாம், கொரியா என்று அர்த்தம். நாமும் ஆசியாவில்தான் இருக்கிறோம் என்பது அவர்களுக்கு அப்போது மறந்துபோய்விடும். போகட்டும்.

சோயா சாஸில் லைட், டார்க் என்று இரண்டு வரும். சாலட்டுக்கு லைட். டார்க் கெட்டியாக, கருப்பாக, லேசாக இனிப்பாக இருக்கும், அதை ஊற்றினால் பாஸ்தா தார் பூசிய மாதிரி ஆகிவிடும், உப்பும் பிடிபடாது. வினிகர் விஷயத்திலும் இதே மாதிரி ஒரு சிக்கல். குறிப்பில் அரிசி வினிகர் சொல்லியிருப்பார்கள், அது மென்மையானது. நம்ம மளிகைக் கடை வெள்ளை வினிகர் பெரும்பாலும் தண்ணீரில் கலந்த அசிட்டிக் அமிலம், தொண்டையில் சுருக்கென்று ஏறும். அதே அளவுக்கு அதை ஊற்றாதீர்கள். இரண்டு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை சர்க்கரை கலந்து எடுத்துக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் எலுமிச்சம்பழமே போதும், நம்ம ஊரில் அது நன்றாக இருக்கும்போது வினிகரோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்?

சரி, இரண்டாவது தப்புக்கு வருவோம், இதுதான் பெரியது. பாஸ்தாவை 'அல் டென்டே' பதத்தில், அதாவது பல்லில் லேசாகக் கடிபடுகிற பதத்தில் இறக்கு என்று எல்லாரும் சொல்வார்கள். சூடாகச் சாப்பிடுகிற பாஸ்தாவுக்கு அது சரி. ஆறவைத்துச் சாப்பிடுவதற்கு அது தப்பு. ஃப்ரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் விறைத்து உதிர்வதையும், இட்லி கல் மாதிரி ஆவதையும் பார்த்திருப்பீர்களே, பாஸ்தாவிலும் அதுவேதான் நடக்கிறது. வேகும்போது தண்ணீரைக் குடித்து இளகிய மாவுச்சத்து குளிரக் குளிரத் திரும்ப ஒன்றோடொன்று இறுகிக்கொள்கிறது. ஏற்கெனவே கடிபடுகிற பதத்தில் இறக்கியது ஃப்ரிட்ஜில் இன்னும் இறுகினால் ரப்பர்தான். அதனால் சாலட்டுக்கு பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் சேர்த்து வேகவிடுங்கள். ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் இன்னும் வேக வேண்டும். புள்ளி மறைந்து, விரலால் அமுக்கினால் நசுங்காமல் மெத்தென்று எழும்பி வந்தால் அதுதான் பதம். சூடாகச் சாப்பிட்டுப் பார்த்தால் ஐயோ குழைந்துவிட்டதே என்று தோன்றும், பயப்படாதீர்கள், ஆறினால் சரியாகிவிடும்.

இது ரவைப் பாஸ்தாவுக்குத்தான் பொருந்தும். பாக்கெட்டைத் திருப்பி டூரம் கோதுமை ரவை என்று இருக்கிறதா பாருங்கள். மைதாவில் செய்தது ஒரு நிமிஷம் கூடினாலே கூழாகிவிடும், சாலட்டுக்கு அது தேறாது. வடிவம் திருகு திருகாக இருக்கும் ஃபுசில்லி நல்லது, டிரெஸ்ஸிங் அந்த மடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், குழந்தைகளும் முள்கரண்டியில் குத்தி எடுக்கலாம். பென்னே பரவாயில்லை. ஸ்பாகெட்டி வேண்டாம், ஆறினால் ஒரே உருண்டையாக எழுந்து வரும்.

வேகவைக்க 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். வழக்கமாக லிட்டருக்கு 10 கிராம் உப்பு போடுவார்கள், இங்கே சோயா சாஸ் உப்போடு வருவதால் பாதி போட்டால் போதும். வெந்ததும் வடிதட்டில் கொட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். சூடாகச் சாப்பிடுகிற பாஸ்தாவை அலசவே கூடாது, மேலே இருக்கும் கஞ்சிதான் சாஸைப் பிடித்து வைக்கும். சாலட்டில் அந்தக் கஞ்சியே பசையாகி எல்லாவற்றையும் ஒட்டிவிடும், அதனால் இங்கே மட்டும் அலசல் உண்டு. ஆனால் ஒன்று, மே மாதம் மாடித் தொட்டியிலிருந்து வருகிற குழாய்த் தண்ணீர் பாதி வெந்நீர், அதில் அலசினால் பாஸ்தா வேகிறதா ஆறுகிறதா என்று அதற்கே குழப்பம் வந்துவிடும். தவிர, இதற்கு மேல் அடுப்பில் ஏறப்போவதில்லை என்பதால் குடிக்கிற தண்ணீர்தான் வேண்டும். கேன் தண்ணீரை முதல் நாளே இரண்டு மூன்று பாட்டிலில் பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். பாஸ்தா சில்லிட்டுப் போகும் வரை அலச வேண்டாம், வெதுவெதுப்பாக வந்தால் போதும், அப்புறம் நன்றாக உதறி வடியுங்கள். குழாய் வடிவப் பாஸ்தா என்றால் உள்ளே தண்ணீர் ஒளிந்திருக்கும்.

வெதுவெதுப்பாக நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தச் சூட்டில்தான் பாஸ்தா ருசியை உள்ளே இழுக்கும். ஒட்டாமல் இருக்கட்டும் என்று இந்த இடத்தில் எண்ணெயை மட்டும் விட்டுப் பிசிறிவைக்கிற பழக்கம் பல பேருக்கு இருக்கிறது. எண்ணெய் பூச்சாகப் படிந்துவிட்டால் பிறகு ஊற்றும் எலுமிச்சையும் சோயாவும் வழுக்கிக்கொண்டு அடியில் போய்த் தேங்கும். எண்ணெய் வேண்டாம். டிரெஸ்ஸிங்கில் பாதியை அப்போதே ஊற்றிக் கிளறி, ஆறவைத்து, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மீதிப் பாதி பரிமாறுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால். உங்கள் சாஸ் காணாமல் போன மர்மம் இதுதான், பாஸ்தா ராத்திரி முழுக்க உட்கார்ந்து குடித்துவிட்டது, காலையில் மேலே பூச ஒன்றும் மிச்சமில்லை. நான் கஃபேயில் ஒரு விருந்துக்கு 40 தட்டுக்கான சாலட்டைக் காலை பத்து மணிக்கே முழுவதும் கலந்துவைத்துவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு மூடியைத் திறந்தபோது, மேலே பாஸ்தா வறண்டு கிடக்கிறது, அடியில் வெள்ளரிக்காய் விட்ட தண்ணீர் இரண்டு விரல் உயரத்துக்கு நிற்கிறது. அன்றைக்கு முதலாளி சொன்னதை இங்கே எழுத முடியாது.

இப்போது அடிப்படை டிரெஸ்ஸிங். 500 கிராம் உலர்ந்த பாஸ்தாவுக்கு லைட் சோயா சாஸ் 6 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 5 மேசைக்கரண்டி, நாட்டுச் சர்க்கரை 2 அல்லது 3 மேசைக்கரண்டி, சூரியகாந்தி எண்ணெய் 4 மேசைக்கரண்டி, இரண்டு அங்குல இஞ்சியைத் துருவிப் பிழிந்த சாறு, நாலு பல் பூண்டு நசுக்கியது, பச்சை மிளகாய் உங்கள் இஷ்டம். வறுத்த எள் எண்ணெயை இதில் முதலிலேயே கலக்காமல் கடைசியில் 2 தேக்கரண்டி. வீட்டில் ஊறவைத்ததென்றால் வாசனை லேசு என்பதால் சூரியகாந்தி எண்ணெய்க்குப் பதிலாக அந்த 4 மேசைக்கரண்டியும் அதுவாகவே இருக்கலாம். இஞ்சியை விழுதாகப் போட்டால் நார் பல்லில் மாட்டும், அதனால்தான் சாறு. எல்லாவற்றையும் ஒரு பழைய ஜாம் பாட்டிலில் போட்டுக் குலுக்கி விரலில் தொட்டு நக்கிப் பாருங்கள். தனியாகச் சாப்பிடும்போது உப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் ஒரு படி தூக்கலாக, கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாக இருக்க வேண்டும். சில்லென்று சாப்பிடும்போது நாக்குக்கு ருசி மங்கித்தான் தெரியும், பாஸ்தாவோ சப்பென்ற பொருள், இரண்டும் சேர்ந்து அந்தத் தூக்கலை அமுக்கிவிடும்.

இது பெரும்பாலும் சீன வழி. ஆனால் பாண்டியில் இருந்துகொண்டு வியட்நாம் வழியைச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு செரிக்காது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கிருந்து சிப்பாயாகவும் குமாஸ்தாவாகவும் வியாபாரியாகவும் சைகோன் போனவர்கள் நிறைய. சிலர் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சி 1954-இல் முடிந்தது, அதே வருஷம் நவம்பர் 1-ஆம் தேதிதான் பாண்டியும் இந்தியாவின் கைக்கு வந்தது. அப்போதும், 1975-இல் சைகோன் விழுந்த சமயத்திலும் திரும்பி வந்த குடும்பங்கள் தங்கள் சமையலையும் கூடவே கொண்டுவந்தன. எங்கள் தெருவில் அப்படி ஒரு பாட்டி இருந்தார், சைகோன் பாட்டி என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுக்காரர்கள் 'நெம்' என்று சொல்கிற பொரித்த ரோலை அவர் வீட்டில்தான் முதலில் சாப்பிட்டேன். ரோலைவிட அதற்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்த தண்ணிச் சாஸ்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

பாட்டி ஸ்பூன் அளவெல்லாம் பார்க்கமாட்டார். ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் சர்க்கரையைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் கரைப்பார். கரைந்ததும் எலுமிச்சை பிழிந்து ஒரு வாய் பார்ப்பார், சர்பத் மாதிரி இருக்கிறதா என்று. அந்தச் சர்பத் நன்றாக இருந்தால்தான் மீன் சாஸ் பாட்டிலைத் திறப்பார். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே வந்து, 'இன்னும் ஒரு சொட்டு விட்டால் மீன் நாறும்' என்கிற இடத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவார். பூண்டும் சிவப்பு மிளகாயும் கடைசியில், பொடியாக நறுக்கி. அவை மேலே மிதக்க வேண்டும், அடியில் போனால் பூண்டை அவசரப்பட்டுப் போட்டுவிட்டாய் என்பார். பூண்டு மிதப்பதற்கும் அவசரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை புரியவில்லை, ஆனால் நானும் கடைசியில்தான் போடுகிறேன்.

அந்த மீன் சாஸ், 'நுவோக் மாம்', வேறொன்றுமில்லை, நெத்திலி வகை மீனை உப்போடு அடுக்கி ஒரு வருஷம் போலத் தொட்டியில் ஊறவிட்டு வடித்த தெளிவான சாறு. கருவாடு சாப்பிடுகிற ஊர்க்காரர்கள் முகம் சுளிக்க ஒன்றுமே இல்லை. 250 கிராம் பாஸ்தாவுக்கு 2 மேசைக்கரண்டி சர்க்கரை, 4 மேசைக்கரண்டி வெந்நீர், எலுமிச்சைச் சாறு 3, மீன் சாஸ் 3, பூண்டு இரண்டு பல், மிளகாய் ஒன்று. எண்ணெயே கிடையாது. பார்த்தால் தண்ணியாக இருக்கும், பாஸ்தா மடமடவென்று குடித்துவிடும், சாப்பிடும்போது லேசாக இருக்கும், வெயில் காலத்துக்கு எனக்கு இதுதான் பிடித்தது. இதோடு மெல்லிசாகச் சீவிய கேரட், வெள்ளரி, கை நிறையப் புதினா, கொத்தமல்லி, மேலே உடைத்த மல்லாட்டை. கடலூரில் இறாலுக்குப் பஞ்சமில்லையே, சின்ன இறாலாக அரைக் கிலோ வாங்கி உரித்து, குடல் நரம்பை எடுத்துவிட்டு, கொதிக்கிற உப்புத் தண்ணீரில் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு, சிவந்து சுருண்டதும் எடுத்துச் சேர்த்தால் அது வேறு ரகம்.

மீன் சாஸ் கிடைக்கவில்லையென்றால் நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் மண் போக அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு வாணலியில் மொறுமொறுவென்று வறுத்துப் பொடித்து ஒரு தேக்கரண்டி போடலாம். அதுவே ஆகிவிடாது, ஆனால் அந்த அடிநாக்கு ருசி வந்துவிடும். கூட வருகிறவர்களில் சைவம் இருந்தால் இந்தப் பக்கமே போக வேண்டாம், சோயாவோடு நில்லுங்கள்.

புதினாவோடு 'தாய் பேசில்' என்கிற தாய்லாந்து வாசனை இலையைப் போடச் சொல்லியிருப்பார்கள், நம்மவர்கள் உடனே துளசியைக் கிள்ளிப் போட்டுவிடுகிறார்கள். துளசி வேறு வகை, காரமும் மருந்து வாசனையும் சாலட்டை கஷாயமாக்கிவிடும். நம்ம திருநீற்றுப்பச்சிலை இருக்கிறதே, சர்பத்தில் போடுகிற சப்ஜா விதைச் செடி, அதுவும் தாய் பேசிலும் ஒரே இனம்தான். தொட்டியில் விதையைத் தூவினாலே முளைக்கும். நாலைந்து இலையைக் கையால் கிழித்துப் போடுங்கள், மழுங்கின கத்தி பட்டால் ஓரம் சீக்கிரம் கருக்கும்.

குழந்தைகளுக்கு என்றால் எனக்குத் தோன்றுவது மல்லாட்டை டிரெஸ்ஸிங்தான். வெளியூர்க்காரர்கள் படித்தால் தெரியட்டும், எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பேர். மணிலாக்கொட்டை என்பதுதான் அப்படித் தேய்ந்து வந்தது, பேரிலேயே ஒரு ஆசிய ஊரை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாளாக அவித்துத் தின்றுகொண்டிருந்திருக்கிறோம். 250 கிராம் பாஸ்தாவுக்கு 100 கிராம் மல்லாட்டையை வறுத்துத் தோல் ஊதி, மிக்ஸியில் முதலில் தண்ணீர் விடாமல், எண்ணெய் கக்கி விழுதாகும் வரை அரையுங்கள். அப்புறம் சோயா 3 மேசைக்கரண்டி, எலுமிச்சை 2, வெல்லம் 1, ஒரு பல் பூண்டு, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள், வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமாக. தோசை மாவைவிடத் தளர்வாக, ரவா தோசைக் கரைசல் மாதிரி இருக்கும்போது நிறுத்துங்கள், குளிர்ந்தால் கெட்டியாகும். புளிப்புக்கு எலுமிச்சைக்குப் பதில் புளிக்கரைசல் விட்டால் தாய்லாந்துப் பக்கம் திரும்பும். சில குறிப்புகளில் தேங்காய்ப்பாலும் சேர்க்கச் சொல்வார்கள், நன்றாகவே இருக்கும், ஆனால் நம்ம வெயிலில் மேசையில் வைக்கிற பண்டத்துக்குத் தேங்காய்ப்பால் வேண்டாம், சீக்கிரம் திரிந்துவிடும். முக்கியமாக, வருகிற குழந்தைகளில் யாருக்காவது கடலை ஒத்துக்கொள்ளாதா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அப்படி ஒரு குழந்தை இருந்தாலும் போதும், கடலையையே விட்டுவிட்டு எள்ளோடு நிறுத்துவது நல்லது, எள்ளும் ஒத்துக்கொள்ளுமா என்று சேர்த்தே கேளுங்கள்.

காய் விஷயம் சுலபம். வெள்ளரிக்காயைப் பிளந்து விதைப்பகுதியை ஸ்பூனால் வழித்துவிட்டு நறுக்கி, அரை ஸ்பூன் உப்பு பிசிறிக் கால் மணி நேரம் வைத்துப் பிழிந்துவிடுங்கள், அந்த இரண்டு விரல் தண்ணீர் மேசைக்கு வராது. முட்டைக்கோஸையும் தலைமுடி மாதிரி நறுக்கி அப்படியே செய்யலாம். கேரட், குடைமிளகாய், வெங்காயத்தாள் பச்சையாகவே. பீன்ஸ் போட்டால் இரண்டு நிமிஷம் கொதிநீரில் போட்டுச் சில் தண்ணீரில் எடுத்து, பரிமாறும்போது மட்டும் சேர்க்க வேண்டும், எலுமிச்சைப் புளிப்பில் ஊறினால் பச்சை நிறம் செத்துக் காக்கிச் சட்டை நிறத்துக்கு வந்துவிடும். கொத்தமல்லிக்கும் அதே கதி. கிளிமூக்கு மாங்காய் வந்திருந்தால் ஒரு பாதியைச் சீவிப் போட்டு, அந்த அளவுக்கு எலுமிச்சையைக் குறையுங்கள். மொறுமொறுப்புக்கு உடைத்த மல்லாட்டையோ, பண்ருட்டி பக்கத்திலேயே இருக்கிறதே, வறுத்த முந்திரியோ, தட்டில் வைத்த பிறகு மேலே தூவுங்கள். முன்னாலேயே போட்டால் நமுத்துவிடும்.

எதைப் போடக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். மயோனைஸ் வேண்டாம், சோயாவும் அதுவும் சேர்ந்தால் சேறு நிறம், வெயிலுக்கும் ஆகாது. பாட்டிலில் வரும் ஷெஸ்வான் சட்னியை இரண்டு ஸ்பூன் போட்டால் எல்லா ருசியையும் அது ஒன்றே விழுங்கி, ரோட்டோர நூடுல்ஸ் ஆறிப்போன மாதிரி ஆகிவிடும். கடுகு, கறிவேப்பிலை தாளிக்கலாமா என்றால், தாளியுங்கள், நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது எலுமிச்சைச் சாதத்தின் தங்கச்சி, வேறு சாப்பாடு.

25 பேருக்கு, மற்ற பலகாரமும் இருப்பதால் ஆளுக்கு 60 கிராம் உலர்ந்த பாஸ்தா கணக்கு வையுங்கள், ஒன்றரைக் கிலோ. ஒரே குண்டானில் ஒன்றரைக் கிலோவையும் போட்டு வேகவைக்க முயல வேண்டாம், வீட்டு அடுப்பில் தண்ணீர் மறுபடி கொதிக்கவே பத்து நிமிஷம் ஆகும், அதற்குள் பாஸ்தா ஊறிக் கொழகொழத்துவிடும். அரைக் கிலோவாக மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் 5 லிட்டர் தண்ணீர். விழா சாயங்காலம் ஐந்து மணி என்றால், முதல் நாள் ராத்திரி டிரெஸ்ஸிங் குலுக்கி, எள் எண்ணெய் ஊறப்போட்டு, கேன் தண்ணீர் ஃப்ரிட்ஜுக்குள். அன்றைக்கு மதியம் ஒரு மணிக்குப் பாஸ்தா, பாதி டிரெஸ்ஸிங். மூன்று மணிக்குக் காய் நறுக்கித் தனியாக. நாலே முக்காலுக்கு எல்லாம் ஒன்றுசேர்த்து, மீதி டிரெஸ்ஸிங், கீரை வகை, எள் எண்ணெய். அப்போது ஒரு வாய் பார்த்து, இன்னும் அரை மூடி எலுமிச்சை தேவைப்படும், எப்போதும் தேவைப்படுகிறது.

வேகவைத்த பாஸ்தாவை அடுப்பு மேடையில் மணிக்கணக்கில் கிடக்கவிடாதீர்கள். சோறு, பாஸ்தா மாதிரியான பண்டங்களில் பேசிலஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா உண்டு, அதன் வித்து கொதியிலும் தப்பிவிடும், பிறகு வெதுவெதுப்பில் பெருகி விஷம் கக்கினால் மறுபடி சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது. சாதாரண நாளில் வெளியே இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் ஒரு மணி நேரம்தான் கெடு. நம்ம ஊரில் எப்போதுமே அந்த ஒரு மணி நேரக் கணக்கை வைத்துக்கொள்வது நல்லது. மொத்தத்தையும் மேசையில் கொண்டுபோய் வைக்காமல், ஒரு சின்னப் பாத்திரத்தில் எடுத்துவைத்துத் தீரத்தீர ஃப்ரிட்ஜிலிருந்து நிரப்புங்கள். ஆறவைக்கும்போதும் ஆழமான டப்பாவில் அடைக்காமல் அகலமான தாம்பாளத்தில் பரப்பி, அரை மணி நேரத்துக்குள் உள்ளே தள்ளிவிடுங்கள். நடுவில் கரண்ட் போனால் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

மேசையில் மிஞ்சியதைத் தைரியமாகக் கொட்டிவிடுங்கள், மனசு கேட்காதுதான். ஃப்ரிட்ஜை விட்டு வெளியே வராமல் மிஞ்சியது இருந்தால், மறுநாள் காலையில் வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெய் காயவைத்து, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, அதன்மேல் இதைக் கொட்டிப் பெரிய தீயில் அடி லேசாகப் பிடிக்கும் வரை பிரட்டுங்கள். உங்கள் அக்கா மகள் நேற்று சாலட்டைத் தொட்டிருக்கவே மாட்டாள், இதைத் தட்டை வழித்துச் சாப்பிடுவாள்.